கடல் விழுங்கிய கலம்: சில தேடல்கள் மட்டும் ஏன் எல்லோரையும் கட்டிப்போடுகின்றன?

கீழ்பென்னாத்தூர் கடலோர ஊர் அல்ல. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே, ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் மணிலாவும் பயிரிடும் பகுதி அது. கடலைப் பற்றி அங்குள்ளவர்களுக்குத் தெரியவருவதில் பெரும்பகுதி செய்தி வழியாகவே வருகிறது. 2023 ஜூன் 18 முதல் 22 வரை, டைட்டானிக் கப்பலின் உடைந்த உடலைப் பார்க்க வட அட்லாண்டிக்கில் இறங்கிய 'டைட்டன்' கலத்தில் இன்னும் எத்தனை மணி நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கும் என்ற கணக்கு, தமிழ்த் தொலைக்காட்சிகள் மூலம் இத்தகைய உள்நாட்டு ஊர்களின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கலத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2019 ஜனவரியில், கேரளத்தின் முனம்பம் துறைமுகத்திலிருந்து 'தேவ மாதா' என்ற மீன்பிடிப் படகு புறப்பட்டது. நியூசிலாந்தை நோக்கிச் சென்றதாகக் கருதப்படும் அதில் ஏறத்தாழ 240 பேர் இருந்ததாகச் சொல்லப்பட்டது. டெல்லியிலும் தமிழ்நாட்டு அகதி முகாம்களிலும் வாழ்ந்த தமிழர்களே அவர்களில் பெரும்பாலோர். படகைப் பற்றி உறுதியான தடயம் எதுவும் இதுவரை வெளிவரவில்லை. ஆனால் அந்தப் படகுக்காக எந்தத் தொலைக்காட்சியும் மணிக்கணக்கு ஓட்டவில்லை.

ஐந்து பேருக்காக உலகம் மூச்சடக்கிக் காத்திருந்தது. 240 பேரின் மறைவு சில வாரங்களில் பேச்சிலிருந்தே நழுவியது. இந்த வேறுபாட்டுக்குத் தத்துவவாதிகளும் செய்தி ஆய்வாளர்களும் உளவியலாளர்களும் வெவ்வேறு விடைகள் தந்திருக்கிறார்கள். அவற்றை வரிசைப்படுத்தி, தமிழர் அறிந்த நிகழ்வுகளை வைத்து உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரையில் நிற்பவரின் மனம்

மிகப் பழைய விடை, பார்ப்பவரின் மனத்தில் காரணம் தேடுவது. துயரமான காட்சியும் கலையில் இன்பம் தருவது ஏன் என்று கேட்டவர் அரிஸ்டாட்டில். கடலில் தத்தளிப்பவரைக் கரையிலிருந்து பார்ப்பவருக்கு, தமக்கு அந்த ஆபத்து இல்லை என்ற ஆறுதல் கிடைக்கிறது என்றார் உரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ். 18-ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் பர்க் இதை வேறு திசையில் கொண்டுபோனார். பிறர் துன்பம் நம்மை ஈர்க்காமல் விரட்டுவதாக இருந்தால் உதவ வேண்டிய நேரத்தில் நாம் விலகி ஓடிவிடுவோம். அந்த ஈர்ப்பே இரக்கத்துக்கு வழி என்பது அவர் வாதம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்னும் நுட்பமான பகுப்பைத் தருகிறது. அங்கே மருட்கையும் (வியப்பு) அச்சமும் அழுகையும் தனித்தனி மெய்ப்பாடுகள் (உணர்ச்சி வெளிப்பாடுகள்). புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவை மருட்கையின் நிலைக்களன்கள். அழுகையின் நிலைக்களன்களில் இழவும் ஒன்று. இந்தப் பகுப்பை வைத்துப் பார்த்தால், டைட்டன் செய்தி எழுப்பியதில் மருட்கையே மிகுதி என்று சொல்லலாம். நான்கு கிலோமீட்டர் ஆழம், அங்கே நிலவும் அழுத்தம், கார்பன் இழைக் கூடு என எல்லாமே புதுமையும் பெருமையும் சார்ந்தவை. பயணக் கட்டணம் 2,50,000 டாலர் என்பது வெளியானதும் இணையத்தில் கேலியும் பெருகியது. இரக்கமே இல்லாமலும் ஆர்வம் பெருக முடியும் என்பதற்கு அது சான்று.

ஆயினும் இந்த விடைக்கு ஒரு குறை உண்டு. கடல் விபத்து பொதுவாக ஏன் ஈர்க்கிறது என்பதை இது விளக்கும். ஒரு விபத்து ஈர்த்து இன்னொன்று ஏன் ஈர்க்கவில்லை என்பதை விளக்காது. முனம்பத்துப் படகும் கடலில்தான் மறைந்தது.

செய்தி மதிப்பு என்னும் சல்லடை

இரண்டாவது விடை, பார்ப்பவரை விட்டுச் செய்தி அறைக்குப் போகிறது. 1965-இல் யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற நார்வே ஆய்வாளர்கள் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைத் தம் நாட்டு நாளிதழ்கள் எழுதிய விதத்தை ஆராய்ந்து, ஒரு நிகழ்வு செய்தியாவதைத் தீர்மானிக்கும் 12 காரணிகளை வகுத்தார்கள். எதிர்பாராமை, தொடர்ச்சி, வல்லரசு நாடுகளின் தொடர்பு, புகழ்பெற்றவர்களின் தொடர்பு, தனிமனிதர் வழியே சொல்லக்கூடிய தன்மை, தீங்கு முதலியவை அவற்றில் அடங்கும்.

டைட்டன் இவற்றில் பெரும்பாலானவற்றை நிறைவு செய்கிறது. கலத்தை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ், பிரித்தானியத் தொழிலதிபர் ஹாமிஷ் ஹார்டிங், பாகிஸ்தானியத் தொழிலதிபர் குடும்பத்தைச் சேர்ந்த ஷாஜாதா தாவூத், அவர் மகன் சுலைமான், டைட்டானிக்கைப் பலமுறை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் பால்-ஆன்றி நார்ஜொலே ஆகியோர் அதில் இருந்தார்கள். டைட்டானிக் என்ற பெயருக்கு இருக்கும் கவர்ச்சியைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் இப்பட்டியல் முடிந்துபோன செய்தியைப் பார்த்து எழுதப்பட்டது. வராத செய்தியைப் பற்றி அது பேசுவதில்லை. பிற்கால ஆய்வாளர்கள் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டிப் பட்டியலைத் திருத்தியிருக்கிறார்கள். மேலும், புகழ் என்ற காரணி எல்லா இடத்திலும் பொருந்தாது. 2023 நவம்பர் 12 அன்று உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் சிக்கிய 41 பேரும் சாதாரணக் கூலித் தொழிலாளர்கள். அவர்கள் 28-ஆம் தேதி மீட்கப்படும் வரை நாடே அந்தக் குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு முகமும் ஓராயிரம் பேரும்

மூன்றாவது விடை உளவியலாளர்களுடையது. பெயரும் முகமும் தெரிந்த ஓர் உயிரைக் காக்க மக்கள் அள்ளிக் கொடுப்பார்கள். எண்ணிக்கையாக மட்டும் தெரியும் உயிர்களுக்கு அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1968-இல் எழுதினார். பால் ஸ்லோவிக் முதலியோர் பின்னர் இதைச் சோதித்தார்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சிறுமியின் படத்தைப் பார்த்தவர்கள் கொடுத்த நன்கொடை, புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் கொடுத்ததை விட அதிகம். சிறுமியின் படத்தோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது நன்கொடை குறைந்தது.

தமிழ்நாடு இதை 2019 அக்டோபரில் கண்கூடாகக் கண்டது. மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுச் சுஜித் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். 80 மணி நேரத்துக்கும் மேலாக நேரலை ஓடியது. 26 அடியில் இருந்த குழந்தை மேலும் கீழே சரிந்து 88 அடிக்குப் போனது வரை ஒவ்வொரு அடியும் செய்தியானது. சுஜித்துக்கு முன்பே திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து குழந்தைகள் இறந்ததுண்டு. அவர்களுக்கும் பெயர் இருந்தது, முகம் இருந்தது. இவ்வளவு நீண்ட நேரலை கிடைக்கவில்லை. ஆகவே முகம் இருப்பது தேவைதான் என்றாலும் அது மட்டும் போதாது என்று கொள்வதே பொருத்தம்.

மணிக்கணக்கின் பிடி

நான்காவது விடை காலத்தைப் பற்றியது. இறப்பு உறுதியாகிவிட்டால் செய்தி முடிந்துவிடுகிறது; உயிர் இருக்கலாம் என்ற நிலைதான் கண்களை அகலவிடாது. 1925-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் குகைக்குள் சிக்கிய ஃபிளாய்ட் காலின்ஸைப் பற்றி எழுதிய இளம் நிருபர் வில்லியம் மில்லர், குகைக்குள் தவழ்ந்து போய் அவரிடமே பேசினார். அச்செய்திகளுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1949-இல் கலிபோர்னியாவில் கிணற்றுக் குழாயில் விழுந்த மூன்று வயதுக் கேத்தி ஃபிஸ்கஸின் மீட்புப் பணியை ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி 27 மணி நேரம் ஒளிபரப்பியது. இத்தகைய தொடர் ஒளிபரப்புகளை 1990-களில் ஆராய்ந்த தமார் லீப்ஸ், புதிய தகவல் இல்லாத நேரத்தையும் நிரப்பியே ஆகவேண்டிய கட்டாயத்தில் ஊகமும் குற்றச்சாட்டும் தகவலின் இடத்தைப் பிடிக்கின்றன என்று எச்சரித்தார்.

இந்த விடைக்கு டைட்டனில் வலுவான ஆதரவும் கடுமையான பாடமும் உண்டு. 96 மணி நேர ஆக்சிஜன் என்ற கணக்கு நான்கு நாட்கள் திரையை ஆண்டது. இடையில் நீருக்கடியில் தட்டும் ஒலி கேட்டதாக வந்த செய்தி நம்பிக்கையை ஏற்றியது. ஆனால் தொடர்பு அறுந்த அன்றே, கலம் நொறுங்கியதற்கு ஒத்த ஒலியை அமெரிக்கக் கடற்படையின் கருவிகள் பதிவு செய்திருந்தன. தேடுதலை நடத்தியவர்களுக்கும் அது தெரிவிக்கப்பட்டது. பொதுமக்கள் அதை அறிந்தது, சிதைவுகள் கண்டெடுக்கப்பட்ட ஜூன் 22 அன்றுதான். அந்த மணிக்கணக்கு பெரும்பாலும் முதல் நாளே பொருளற்றுப் போயிருந்தது. உறுதியாகாத ஒலியை வைத்துத் தேடுதலை நிறுத்த முடியாது என்ற வாதம் நியாயமானதே. அதைப் பொதுமக்களிடம் சொல்லாமல் இருந்ததும் நியாயமா என்பது இன்னும் தீராத கேள்வி.

காத்திருப்பின் விலையைத் தமிழ்நாடும் கொடுத்திருக்கிறது. சுஜித் மீட்பை வீட்டில் பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தபோது, தூத்துக்குடியில் அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்ததாக அப்போது நாளிதழ்கள் எழுதின. அந்தப் பெற்றோரைக் குறை சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. நேரலை மனிதக் கவனத்தை எவ்வளவு முழுமையாக எடுத்துக்கொள்கிறது என்பதையே அது காட்டுகிறது.

யாருடைய உயிர்?

ஐந்தாவது விடை நேரடியான குற்றச்சாட்டு: பணமும் இனமும் நாடுமே கவனத்தைப் பங்கிடுகின்றன. டைட்டன் மறைவதற்கு நான்கு நாள் முன்பு, 2023 ஜூன் 14 அதிகாலையில், கிரேக்கத்தின் பைலோஸ் அருகே 'ஆட்ரியானா' என்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. அதில் 750 பேர் வரை இருந்ததாக மதிப்பிடப்பட்டது. பிழைத்தவர்கள் 104 பேர். இரண்டு நிகழ்வுகளுக்கும் கிடைத்த கவனத்தின் வேறுபாட்டைப் பராக் ஒபாமா முதலியோர் வெளிப்படையாகவே கண்டித்தார்கள்.

ஆட்ரியானா கவிழ்ந்த பிறகே செய்தி தெரிந்தது, காத்திருக்க நேரமே இல்லை என்பது மறுப்புரை. இது பாதிதான் உண்மை. கவிழ்வதற்கு அரை நாள் முன்பே அந்தப் படகை ஐரோப்பிய எல்லைக் காவல் அமைப்பின் விமானம் வானிலிருந்து பார்த்திருந்தது. காத்திருக்கவும் காப்பாற்றவும் நேரம் இருந்தது. அந்த நேரத்தை உலகம் நேரலையில் பார்க்கவில்லை.

ஏற்றத்தாழ்வு வாதம் இவ்வகையில் வலிமையானது. ஆனால் அதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது. சில்க்யாராவின் தொழிலாளர்களோ நடுக்காட்டுப்பட்டியின் எளிய குடும்பமோ பணமும் செல்வாக்கும் உடையவர்கள் அல்லர்.

பட்டியல் யார் கையில்?

அதிகம் பேசப்படாத ஆறாவது காரணம் ஒன்று உண்டு. நேரலையாக நீடித்த நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றில் மூன்று பொருத்தங்கள் தென்படுகின்றன: சிக்கியவர்களின் பெயர்ப் பட்டியல், தேட வேண்டிய இடம், நாள்தோறும் தகவல் தரப் பொறுப்பேற்கும் ஓர் அமைப்பு. டைட்டனுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல் படை பாஸ்டனிலிருந்து தொடர்ந்து செய்தியாளர்களைச் சந்தித்தது. சில்க்யாராவிலும் நடுக்காட்டுப்பட்டியிலும் அதிகாரிகள் களத்திலேயே நின்று பேசினார்கள். 2024 டிசம்பர் 1 அன்று, கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்சரிவு ஒரு வீட்டை மூடி, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் சிக்கியபோதும் இதே நிலைதான். யார் யார் உள்ளே என்பது அக்கம்பக்கத்துக்கு உடனே தெரிந்தது, மீட்புப் படை வந்தது, கேமராக்கள் வந்தன.

ஒக்கிப் புயலில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2017 நவம்பர் 30 அன்று புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களிலிருந்து, பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருந்த விசைப்படகுகள் ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. யார் எந்தப் படகில், எத்தனை பேர் என்ற கணக்கு அரசிடம் சரியாக இல்லை. அரசு சொன்ன எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. ஊர்களில் பங்குப் பேரவைகளும் மீனவர் அமைப்புகளும் வீடுவீடாகக் கேட்டுப் படகுவாரியாகப் பெயர் எழுதின. மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே தேடப் புறப்பட்டார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்தபின்தான் மாநிலம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ஒக்கி தாக்கிய அதே நவம்பர் 30 அன்றுதான், 44 பேருடன் அட்லாண்டிக்கில் மறைந்த 'சான் உவான்' நீர்மூழ்கியில் இருந்தவர்களை உயிருடன் மீட்கும் முயற்சியை முடித்துக்கொள்வதாக அர்ஜென்டினா கடற்படை அறிவித்தது. அந்த 44 பேரின் பெயரும் உலகத்துக்குத் தெரிந்திருந்தது. ஓராண்டு கழித்து, 900 மீட்டர் ஆழத்தில் அக்கலம் கண்டுபிடிக்கப்பட்டது.

முனம்பத்தில் அப்படிப்பட்ட பெயர்ப் பட்டியலும் இல்லை. துறைமுகத்தருகே விட்டுச்செல்லப்பட்ட பைகளும் அவற்றில் இருந்த துணிகளும் மருந்துகளும் உலர் உணவும்தான் படகு போனதையே காவல்துறைக்கு உணர்த்தின. பயணம் சட்டத்துக்குப் புறம்பானது என்பதால் பொதுவில் பட்டியல் இருக்கவில்லை. பயணிகளில் பலர் எந்த நாடும் தன் குடிமகன் என்று உரிமை கோராதவர்கள். தேட வேண்டிய கடற்பகுதி எது என்றும் தெரியாது. பெயர்கள் பெரும்பாலும் குடும்பத்தாருக்கே தெரியும்.

இந்த விளக்கத்துக்கும் எதிர்வாதம் உண்டு. யாருக்குப் பட்டியல் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதே அதிகாரத்தின் விளைவுதானே? அப்படியானால் இது ஏற்றத்தாழ்வு வாதத்தின் மறுவடிவம் என்று சொல்லலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு: மனித மனத்தின் பாரபட்சத்தைத் திருத்தத் தலைமுறைகள் ஆகலாம், பதிவேட்டைத் திருத்த ஓர் அரசாணை போதும்.

ஆர்வத்தால் ஆன பயன்

மக்கள் கவனத்தால் நன்மை உண்டா என்பதிலும் இரு கட்சிகள் உள்ளன. கவனமே அரசை அசைக்கிறது என்பது ஒன்று. 2006-இல் அரியானாவில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பிரின்ஸ் என்ற சிறுவன் நேரலையில் மீட்கப்பட்டான். இத்தகைய விபத்துகள் தொடரவே, 2010-இல் உச்ச நீதிமன்றம் ஆழ்துளைக் கிணறுகளுக்கான பாதுகாப்பு நெறிமுறைகளை வகுத்தது. டைட்டன் பற்றிய அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விசாரணை அறிக்கை 2025 ஆகஸ்டில் வெளியாகி, விபத்து தவிர்த்திருக்கக் கூடியது என்றது. ஒக்கிக்குப் பிறகு, செயற்கைக்கோள் வழித் தகவல் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் வேலை தொடங்கியது. ஒரு லட்சம் படகுகளுக்கான தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது.

கவனம் விரைவில் வற்றிவிடும், அதை நம்பக் கூடாது என்பது மறு கட்சி. நெறிமுறைகள் வந்து ஒன்பது ஆண்டுக்குப் பின்னும் சுஜித் மூடப்படாத குழியில்தான் விழுந்தான்.

இவ்விரண்டுக்கும் நடுவே வைத்துப் பார்க்க வேண்டியது சென்னைக் கடலில் நடந்த ஒன்று. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலின்மேல் மறைந்தது. பெருந்தேடல் நடந்தது, சில வாரங்களில் செய்தி அடங்கியது. ஆனால் விமானத்தில் இருந்தவர்களின் பட்டியலும் அது கடைசியாகத் தென்பட்ட இடமும் பதிவில் இருந்தன. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில், கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டன என்ற அறிவிப்பு 2024 ஜனவரியில் வந்தது. அந்த ஏழரை ஆண்டுகளில் கேமராக்கள் எப்போதோ போய்விட்டிருந்தன.

மதிப்பீடு

இதுவரை பார்த்த விடைகளில் எதுவும் தனித்து நிற்கக்கூடியதாகத் தெரியவில்லை. மருட்கை நம்மைத் திரையின் முன் உட்கார வைக்கிறது, முகம் பிணைக்கிறது, மணிக்கணக்கு எழவிடாமல் செய்கிறது, ஏற்றத்தாழ்வு யாருக்கு முதல் வாய்ப்பு என்பதைத் தீர்மானிக்கிறது. மக்களின் மனம் கொடூரமானது என்ற எளிய விளக்கம்தான் இவற்றுள் மிகவும் பலவீனமானது; தெரிந்த பெயருக்காகக் காத்திருந்தவர்கள் தெரியாத பெயருக்காகக் காத்திருக்க மறுத்தார்கள் என்று அவர்களைக் குற்றம் சாட்ட முடியாது. சான்றுகள் அதிகம் சாய்வது பதிவின் பக்கம். மக்கள் ஆர்வம் நான்கு நாள் தேடும். பதிவு இருந்தால் ஏழரை ஆண்டு கழித்தும் தேடல் பலிக்கும்.

திறந்தே இருக்கும் கேள்விகள் சில. மீட்பு அமைப்பு தனக்குத் தெரிந்த கெட்ட செய்தியை எப்போது சொல்ல வேண்டும்? எந்த நாடும் ஏற்காதவர்களின் பட்டியலை யார் வைத்திருப்பது? எழுதி வைத்தால் அதுவே அவர்களுக்கு எதிராகத் திரும்பாது என்று யார் உறுதி தருவது? இந்தியாவின் சமுத்திரயான் திட்டத்தில் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப உருவாகும் 'மத்ஸ்யா-6000' கலத்துக்கும் அவசரகால உயிர்காப்பு 96 மணி நேரம் என்றே வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆகவே முதல் கேள்வி விரைவில் நம் சொந்தக் கேள்வியாகவும் ஆகலாம்.

செய்தியாளர்களிடமும் ஆட்சியாளர்களிடமும் கேட்க வேண்டியவை எளியவை. படகு புறப்படும்போதே அதில் ஏறியவர்களின் பெயர் கரையில் ஓரிடத்தில் எழுதப்படட்டும். ஒரு கலம் மறைந்தால் முதல் நாளே பட்டியல் வெளிவரட்டும். கேமராக்கள் போன பிறகும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தப் பட்டியலை எடுத்து, தேடல் எந்த நிலையில் இருக்கிறது என்று நாளிதழ்கள் கேட்கட்டும். வாசகர்களும் அந்தக் கேள்வியைத் தங்கள் நாளிதழிடம் கேட்கலாம். முனம்பத்துப் படகிலிருந்தே அதைத் தொடங்கலாம்.